மேடு ஏறாத வண்டி

மாந்தோப்பு மேட்டில் பாதி ஏறியதும் வண்டி மறுபடியும் நின்றுவிட்டது. இரண்டாவது கியரில் முக்கிப் பார்த்தது, முதல் கியரில் முனகிப் பார்த்தது, அதற்கு மேல் மாட்டேன் என்றது. ஆண்டிச்சாமி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். இறங்கிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? தை மாதத்திலிருந்து இதே கதைதான்.

வண்டியின் பின்னால் வெளுக்காத காடாத் துணிக் கட்டுகள் இருந்தன. ராஜபாளையத்துத் தறிகளில் வாங்கி, அய்யனார் கோவில் ரோட்டில் மலையடிவாரத்தில் இருக்கும் சலவைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிய சரக்கு அது. அங்கே வெளுத்துக் காயவைத்துத் திரும்ப ஊருக்குக் கொண்டுவந்து சுருட்டினால் ஆஸ்பத்திரி பேண்டேஜ். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். இத்தனை வருஷமாக இந்த மேட்டை இந்த வண்டி ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

"பாதியை எறக்கவா அண்ணே?" என்று பின்னாலிருந்து லோடுமேன் கேட்டான்.

"எறக்குலே. வேற என்ன செய்ய?"

பாதிக் கட்டுகளை மாமரத்தடியில் போட்டு, ஒரு ஆளைக் காவல் வைத்து, மீதியோடு மேலே போய் இறக்கிவிட்டு, மறுபடி வந்து இதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு நடையில் முடிகிற வேலை இரண்டு நடை. வண்டி நின்றால் நம் ஊரில் தள்ளுவதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், காரணம் சொல்வதற்கு ஆள் தானாக வந்து சேரும். சைக்கிளில் வந்த ஒருவர் டீசலில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டார்கள் என்றார். ஆடு மேய்க்கிறவர் கிளட்ச் பிளேட் என்றார். மாங்காய்க் கூடையோடு நின்ற ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "டிரைவருக்கு வயசாயிருச்சுல்லா" என்றாள். அது நன்றாகக் கேட்டது.

டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. "அவனுக்குக் கை போச்சு" என்பார்கள். கண்ணும் காதும் காலும் வண்டியோடு ஒட்டாமல் போவதற்கு அதுதான் பெயர். இன்ஜின் எப்போது திணறப்போகிறது என்று முன்கூட்டியே தெரியாது, கியரை ஒரு நொடி பிந்தி மாற்றுவான், அந்த ஒரு நொடியில் வண்டி செத்துவிடும். ஆண்டிச்சாமி பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பனி மூடிய பாதையில் சங்கிலி கட்டிய டயரோடு ஏறி இறங்கியவர். அப்படிப்பட்ட ஆளுக்கு இந்த மாந்தோப்பு மேட்டில் கை போய்விட்டதா? ஊர் கேட்பது இருக்கட்டும், அவரே சில நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி படுத்தால் கால் தானாகக் கிளட்சை மிதிக்கும். தூக்கம் வராது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது பிறக்கும்போது பெட்ரோல் பிக்கப். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் முதலாளி வைகுண்டராஜ் அந்த இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கோ அடிபட்டுக் கிடந்த ஒரு வேனின் டீசல் இன்ஜினை வாங்கிப் பொருத்தினார். பானெட் மூடாமல் அரை அடி தூக்கிக்கொண்டு நின்றது, அதற்கு ஒரு தகரக் கூம்பு அடித்தார்கள். பார்க்க ஒட்டகம் மாதிரி இருந்தாலும் உழைப்பாளி வண்டி. அதுவரை ஆண்டிச்சாமியைத் தவிர யாரும் அதை ஓட்டியதில்லை.

வைகுண்டராஜின் பேண்டேஜ் பட்டறையில் துணி கட்டாத பொருள் கிடையாது. குடிதண்ணீர்ப் பானைக்குத் துணி, குழாய் வாய்க்குத் துணி, ரேடியோவுக்குத் துணி, முதலாளியின் டெலிபோனுக்குக்கூட ஒரு துணி. எந்நேரமும் பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் வேறு என்ன செய்வது? இங்கே இருந்து பழகியவர்களுக்கு ஒரு பொருள் மேல் அக்கறை வந்தால் உடனே அதன் வாயில் ஒரு துணியைக் கட்டத் தோன்றும். ஆண்டிச்சாமியும் வண்டிக்குக் கட்டியிருந்தார். பானெட்டுக்குள் இன்ஜின் காற்றை இழுக்கிற டப்பாவின் வாயில், சல்லடை மாதிரி நெய்த அந்தப் பேண்டேஜ் துணியில் ஒரு சுற்று. டப்பாவுக்குள் ஃபில்டர் இருக்கிறது, ஆனாலும் பஞ்சு போய் அடைத்துக்கொள்கிறது என்று அவருக்குக் கவலை.

அவருடைய மனைவி மாடத்தி அதை வாரம் ஒருமுறை, வண்டி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில், துவைத்துக் கொடுப்பாள். இந்தப் பொங்கல் கழிந்த வாரம் அவர், "என்ன கட்டினாலும் பஞ்சு உள்ள போகுதுட்டி" என்று சலித்துக்கொண்டார். மாடத்தி யோசித்தாள். துணியை நாலு மடிப்பாக மடித்து, வடித்த கஞ்சியில் முக்கி, வெயிலில் மொடமொடவென்று காயவைத்துக் கொடுத்தாள். அன்று முதல் ஒரு பஞ்சு உள்ளே போகவில்லை. ஆண்டிச்சாமிக்கு மெத்த சந்தோஷம். பட்டறைக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒற்றை அறையில்தான் இருவரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மாடத்திக்கு மூட்டு வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் வண்டித் துணியை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டாள்.

மாசியில் ஒரு திங்கட்கிழமை ஆண்டிச்சாமிக்குக் காய்ச்சல். சரக்கு காத்திருக்க முடியாது என்று முதலாளி, பட்டறையில் துணி சுருட்டிக்கொண்டிருந்த பால்பாண்டியிடம் சாவியைக் கொடுத்தார். பால்பாண்டி இளவட்டம், லைசென்ஸ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்தவன். முழு லோடோடு போனான். மாந்தோப்பு மேட்டில் இரண்டாவது கியரில் நிற்காமல் ஏறி, ஒரே நடையில் முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வந்து நின்றான். எடுத்துக் கட்ட ஆள் இல்லாமல் அன்று வண்டித் துணி மாடத்தியின் கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதை யார் கவனித்தார்கள்?

காய்ச்சல் விட்டு ஆண்டிச்சாமி மறுபடி வண்டியை எடுத்தபோது அது மறுபடி நின்றது.

வைகுண்டராஜ் கெட்ட மனிதர் இல்லை. தன்னைவிட மூத்தவர் என்று டிரைவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"அண்ணே, நான் நேராக் கேக்கேன். அதே வண்டி, அதே லோடு. அவன் ஏத்துதான், ஒங்களால ஏத்த முடியலை. நான் என்னன்னு நெனைக்க?"

"வண்டியில ஏதோ இருக்கு மொதலாளி."

"சரி, வண்டியிலதான் இருக்குன்னே வைப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரத்தினத்துகிட்ட காட்டுங்க. அவன் என்ன மாத்தணும்னு சொல்லுதானோ மாத்திருவோம். அதுக்குப் பொறவும் ஏறலைன்னா, சாவியை நீங்களே கொண்டுவந்து குடுத்திரணும். வார டிரைவருக்கு நான் அந்த ரூமைக் குடுக்கணும். என்னைத் தப்பா நெனைக்கப்படாது."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? வண்டிக்குத் தந்த அறை, வண்டியோடு போகும். ஆண்டிச்சாமி அன்று மாடத்தியிடம், "வண்டியை ரிப்பேருக்கு விடுதேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து துணியைக் கழற்றி மாடத்தியிடம் கொடுத்தார். டாக்டரிடம் போகிறவர் குளித்துவிட்டுப் போவதில்லையா? மெக்கானிக் முன்னால் வண்டி துப்புரவாக நிற்க வேண்டும் என்பது பட்டாளத்துப் பழக்கம். இன்ஜினை எண்ணெய்த் துணியால் துடைத்தார், பேட்டரி முனைகளைத் தேய்த்தார், டயர்களைக் கழுவினார். வெறும் வண்டி, சமதளமான ரோடு. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

ரத்தினம் டீசல் பம்ப் மெக்கானிக். கோர்ட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். நாற்பது வயதுக்குள் காது பாதி மந்தமாகிவிட்டதால் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வான். வண்டியை ஓட்டிப் பார்த்தான், பானெட்டைத் திறந்து பார்த்தான், டெலிபோனில் முதலாளியிடம் தெருவுக்கே கேட்கும்படி பேசினான்.

"இது காத்தை நம்பி ஓடுற பம்ப்பு மொதலாளி! பழைய மாடல்! நாம ஆக்சிலேட்டரை மிதிச்சா அது பம்பைத் தொடாது, காத்துக் கொழாய்ல இருக்க மூடியைத்தான் தொறக்கும். அங்க இருந்து ஒரு டியூப்பு வந்து பம்புக்குப் பின்னால இருக்க தோலை இழுக்கும். தோலு சொல்லுறபடி டீசலு. தோலு தளந்துபோயிருக்கும்னு நெனைக்கேன். அதைத் தூக்கிப் போட்டுட்டு, டீசலை அளந்து விட இரும்புக் குண்டு சுத்துற கவர்னர் மாட்டிருவோம். காத்துக்கும் டீசலுக்கும் உள்ள சோலியே அத்துப் போகும்!"

முதலாளி சரி என்றுவிட்டார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

வேலை நாள்கணக்கில் இழுத்தது. பம்பைக் கழற்றிச் சோதனை மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். காற்றுக் குழாயிலிருந்த மூடியை எடுத்துவிட்டு வெறும் குழாய் ஆக்க வேண்டும். ஆக்சிலேட்டர் கம்பி இதுவரை காற்றுக் குழாய்க்குப் போனது, இனி பம்புக்குப் போக வேண்டும், அதற்கு வளைத்து நெளித்து ஒரு புதுக் கம்பி. வேறு இன்ஜினுக்குச் செய்த கவர்னர் என்பதால் கடைசல் பட்டறையில் கொடுத்து ஒரு தட்டு கடைய வேண்டியிருந்தது. கடைசல்காரர் நாளைக்கு வா என்றார், நாளைக்கும் நாளைக்கு வா என்றார். ஆண்டிச்சாமி தினமும் பஸ் ஏறி வந்து ஷெட் வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பது வண்டி ஓட்டுவதைவிட அலுப்பு. வக்கீல்களுக்காகக் காத்திருக்கும் கட்சிக்காரர்களும் அவரும் ஒரே டீக்கடையில் ஒரே மாதிரி முகத்தோடு டீ குடித்தார்கள்.

கடைசல் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பகலில் ரத்தினம் பம்பின் பின்மூடியைத் திறந்து அந்தத் தோலை வெளியே எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். விரலால் அழுத்தினான். முகத்தைச் சுளித்தான்.

"என்னய்யா இது, தோலு நல்லாத்தான் இருக்கு! ஓட்டை இல்லை, வெறைக்கவும் இல்லை. பொறவு ஏன் இழுக்காமப் போச்சு?"

ஆண்டிச்சாமி எழுந்து பக்கத்தில் வந்தார். உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு வட்டத் தோல். இத்தனை நாள் தன்னை நாயாய் அலைக்கழித்தது இதுதானா என்று பார்த்தார்.

"இதுக்கு என்ன வேலை?"

"கொழாய்ல காத்து எம்புட்டு இழுபடுதுன்னு பாக்கும். இழுப்பு கூடுனா வண்டி ரொம்ப வேகமாப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு டீசலைக் கொறைக்கும். இழுப்பு கொறைஞ்சா டீசலைக் கூட்டும். அம்புட்டுத்தான் இதுக்குத் தெரியும்."

"காத்து போற வாய் அடைச்சிருந்தா?"

"அடைச்சிருந்தா உள்ள இழுப்பு கூடும்லா! வண்டி மேட்டுல செத்துக்கிட்டு நிக்கும், இது வேகமாப் போகுதுன்னு நெனச்சு டீசலை நிறுத்தும். வெறும் வண்டியா இருந்தா தெரியாது, லோடுலதான் தெரியும்." ரத்தினம் திரும்பிப் பார்த்தான். "ஏன், அடைச்சிருந்துச்சா? நான் பாக்கும்போது சுத்தமால்லா இருந்துச்சு?"

"இல்லை. சும்மா கேட்டேன்."

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தார். டீக்கடை வரை போகவில்லை. கோர்ட்டு மதிலோரம் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார். கஞ்சி போட்ட நாலு மடிப்பு. தை மாதம். பால்பாண்டி ஏற்றிய திங்கட்கிழமை, கொடியில் கிடந்த துணி. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

உண்மையைச் சொன்னால், முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். கை போகவில்லை! இந்த இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரி நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது பொய். பால்பாண்டி ஏற்றியது சாமர்த்தியத்தால் இல்லை, கொடியில் துணி காய்ந்ததால். உடனே ஓடிப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பிறகுதான் யாரிடம் சொல்வது என்று யோசித்தார். முதலாளியிடம் சொன்னால், கெட்டிக்காரத்தனமாக வண்டியின் மூக்கைப் பொத்திவிட்டு மாதக்கணக்கில் மேட்டில் நின்ற மடையன் என்று ஆகும். மாடத்தியிடம் சொன்னால், அவள் கையால் போட்ட கஞ்சி என்று ஆகும். வலிக்கிற மூட்டோடு குனிந்து குனிந்து அவள் அலசிய துணி அது.

சொல்லாவிட்டால்? புதுக் கவர்னர் காற்றைப் பார்க்காது. வண்டி ஏறிவிடும். கோளாறு வண்டியில்தான் இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சாவி தன் கையில், அறை மாடத்திக்கு. ஒரு வார்த்தையும் பொய் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவர் வாயை மூடிக்கொண்டார். அன்றே சொல்லியிருந்தால் ரத்தினம் பழைய தோலையே திரும்ப மாட்டி, சாயங்காலத்துக்குள் வண்டியை அனுப்பியிருப்பான். ஆண்டிச்சாமிக்கும் அது தெரியும். மறுநாள் பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார், ஷெட்டைப் பார்த்ததும் நாளைக்குப் பார்ப்போம் என்பார். கடைசல்காரரையும் மிஞ்சிவிட்டார். அதற்குள் தட்டு கடைந்து வந்தது, கவர்னர் ஏறியது, பம்ப் மேஜையில் கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஒரே அளவாக இறங்குவதைப் பார்த்து ரத்தினம் தலையாட்டினான். இனி சொல்லியும் பயனில்லை என்று ஆனபோது அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதி அவருக்கே பிடிக்கவில்லை.

பங்குனி வெயிலில் சோதனை ஓட்டம். முழு லோடு. முன்னால் ஆண்டிச்சாமியோடு முதலாளி, பின்னால் கட்டுகள் மேல் ரத்தினமும் பால்பாண்டியும். மாந்தோப்பு மேடு வந்தது. ஆண்டிச்சாமி கீழேயே இரண்டாவது கியருக்கு வந்து, இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, காலை அழுத்தினார். புதுக் கம்பி நேராகப் பம்பைப் பிடித்தது. வண்டி ஒரு உறுமல் உறுமி, மாங்காய் விற்கிறவர்களைத் தாண்டி, மாமரத்தடியைத் தாண்டி, நிற்காமல் மேலே போய் நின்றது. வழியில் கியரைக்கூடத் தொடவில்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

எல்லோரும் இறங்கினார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ரத்தினத்தின் முதுகில் தட்டினார். பிறகு ஆண்டிச்சாமியின் பக்கம் வந்து, குரலைத் தணித்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"அண்ணே, பழைய பம்போடயே பால்பாண்டி ஏத்துனான். அதை நான் மறக்கலை. ஆனா இனிமே அந்தப் பேச்சு வேண்டாம். இப்ப வண்டி யாரு ஓட்டுனாலும் ஏறும். ஒங்க கை கொஞ்சம் தளந்தாலும் வண்டி சமாளிச்சுக்கிடும். முடியுற வரைக்கும் ஓட்டுங்க. ரூமும் இருக்கட்டும். பாவம், மாடத்தியக்கா இந்த வயசுல எங்க போவாவ?"

"ஆமா பெரியவரே, லோடு கூடுன நாளைக்கு எனக்கு ஒரு சத்தம் குடுங்க, நான் வந்து ஏத்தித் தாரேன்" என்றான் பால்பாண்டி. கேலியாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

ஆண்டிச்சாமி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சரி மொதலாளி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் சாகும்வரை அந்த ஸ்டியரிங்கைப் பிச்சையாகப் பிடித்திருக்க வேண்டும். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எனக்குக் கை போகலை மொதலாளி."

"யாரு போச்சுன்னா? நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க சொன்னது அதுதான். கேளுங்க. பழைய பம்புல ஒரு குத்தமும் இல்லை. காத்து டப்பா வாயில நான் நம்ம துணியை நாலு மடிப்பாக் கட்டியிருந்தேன். கஞ்சி போட்ட துணி. அது காத்தை அடைச்சு, அதனாலதான் வண்டி நின்னுருக்கு. பால்பாண்டி ஏத்துன அன்னைக்குத் துணி வண்டியில இல்லை, துவைச்சுக் கொடியில கெடந்துச்சு. வேற ஒண்ணும் இல்லை."

ரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டான். "அன்னைக்குக் கேட்டியளே... அடைச்சிருந்தா என்னன்னு!"

பால்பாண்டிக்குப் புரியச் செத்த நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தான். துணிக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், முடியாமல் கீழே உட்கார்ந்து சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

"அன்னைக்குன்னா? என்னைக்கு?"

"பம்பைத் தொறந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருச்சு மொதலாளி."

"தெரிஞ்சும் வாயைத் தொறக்கலை. நான் தெனம் வாடகை வண்டியில சரக்கு அனுப்பிக்கிட்டு இருக்கேன், இவன் அங்க இரும்பை வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கான், நீ டயர் மேல உக்காந்து வேடிக்கை பாத்திருக்கே." முதல் தடவையாக அண்ணே காணாமல் போயிருந்தது. "துணி கட்டுனது மடத்தனம், அதை விட்டுருவேன். நானும் டெலிபோனுக்குக் கட்டியிருக்கேன். சொல்லாம இருந்தே பாரு, அதை எப்படி விட?"

முதலாளி கையை நீட்டினார். ஆண்டிச்சாமி சாவியை எடுத்து, துடைத்து, அந்தக் கையில் வைத்தார்.

"சித்திரை பொறக்குற வரைக்கும் ரூம்ல இருந்துக்கோ. அதுக்கு மேல பால்பாண்டி குடி வருவான்."

"சரி மொதலாளி. ஒண்ணே ஒண்ணு." மூன்று பேரையும் பார்த்தார். "கஞ்சி போட்டது மாடத்தி. வண்டிக்கு நல்லதுன்னு நெனச்சுப் போட்டா. அவளுக்கு இது தெரிய வேண்டாம். சிரிக்கணும்னா என்னை வச்சுச் சிரிங்க, அவ காதுக்கு மட்டும் போகப்படாது."

பால்பாண்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. "சத்தியமாச் சொல்லமாட்டேன் அண்ணாச்சி" என்றான். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையை அசைத்தார்.

முதலாளியை ஏற்றிக்கொண்டு பால்பாண்டி வண்டியைச் சலவைப் பட்டறைக்கு ஓட்டிப் போனான். ஆண்டிச்சாமி ஏறவில்லை. ரத்தினமும் அவரும் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தார்கள். ரத்தினத்துக்கு மனது ஆறவில்லை.

"எல்லாம் முடிஞ்சு போச்சே! பேசாம இருந்திருந்தா சாவியும் இருக்கும், வீடும் இருக்கும். ஏன்யா சொன்னீரு?"

"கையிருக்கும்போதே கை போச்சுன்னு சொல்லிக்கிட்டு எப்படி ஓட்ட? நாலு பேருக்குத் தெரியணும்லா, எனக்கு ஓட்டத் தெரியும்னு."

"தெரிஞ்சு?"

ஆண்டிச்சாமி முன்னால் நடந்தார். கால் வலித்தது. ஆனால் மூன்று பேருக்குத் தெரியும். அது போதும்போலத்தான் அப்போது இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மாடத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். பட்டறைக்குத் திரும்பி வந்த வண்டியிலிருந்து பால்பாண்டி இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். சோற்றை எடுத்து வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பிறகு கேட்டாள்.

"வண்டி ஏறுச்சா?"

"ஏறுச்சு. நிக்காம ஏறுச்சு."

"பொறவு அவன் ஏன் ஓட்டிட்டு வாரான்?"

"சாவியைக் குடுத்தாச்சு. சித்திரையோட இந்த ரூமையும் காலி பண்ணணும். செட்டியார்பட்டியில எங்கக்கா வீட்டுப் பக்கம் ஏதாவது பாக்கணும்."

"வண்டிதான் ஏறிருச்சே. பொறவு எதுக்குச் சாவியை வாங்குதாவ?" அவள் சுவரைப் பிடித்து மெல்ல அவர் எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க நடந்துச்சு? சொல்லுங்க."

ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"எனக்குக் கை போச்சுட்டி" என்றார். "அதான்."

மாடத்தி சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள். அவள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை என்பதை அவர் பார்த்தார்.

"அது எனக்குத் தையிலேயே தெரியும்" என்றாள். "மேட்டுல நின்னு நின்னு வாரியன்னு லோடுமேன் பொண்டாட்டி சொல்லும்போதே தெரியும். வயசானா யாருக்கும் வாரதுதானங்க. வாய்விட்டுச் சொன்னா மனசு ஒடிஞ்சு போவியன்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன். துணிக்குக் கஞ்சி கிஞ்சி போட்டு இந்த வண்டியையாவது நல்லாப் பாத்துக்கிட்டா ஒங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்னு பாத்தேன்."

ஆண்டிச்சாமி சோற்றைப் பிசைந்தார்.

"ஆமா" என்றார்.